டைனோ இல்லாமல் காரின் பவரை அளப்பது எப்படி?

ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட், அப்புறம் ஈசியு ரீமேப் (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் நிரலை மாற்றி எழுதுவது) என்று ஒவ்வொன்றாக மாற்றப் போகிறேன், காரை உருளைகளின் மேல் ஓட்டிப் பவரை அளக்கும் டைனோ இயந்திரத்துக்குப் போகாமல் ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் எத்தனை எச்பி (குதிரைத்திறன்) ஏறியது என்று நானே அளந்து பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் எதை அளக்கிறோம் என்பதில் முதலிலேயே தெளிவாக இருந்துவிடுங்கள். "என் காரில் 118 எச்பி இருக்கிறது" என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு வீட்டு அளவீடு வராது. "முன்பைவிட ஏழு எச்பி கூடியிருக்கிறது, ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம்" என்று சொல்லும் அளவுக்கு, பொறுமையாகச் செய்தால், தாராளமாக வரும். தராசு இரண்டு கிலோ கூட்டிக் காட்டினாலும் போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் எடை எவ்வளவு குறைந்தது என்பதைச் சரியாகச் சொல்லிவிடும் அல்லவா, அப்படித்தான். நமக்கு வேண்டியது வித்தியாசம். அதை விட்டுவிட்டு மொத்த எண்ணைத் துரத்துகிறவர்கள்தான் கடைசியில் குழம்பி நிற்கிறார்கள்.

முதலில் அலகு. ஒரு எச்பி என்பது 745.7 வாட். பிஎஸ் என்று போடும் மெட்ரிக் குதிரைத்திறன் 735.5 வாட். முன்பு எடுத்த அளவு எச்பியிலும் பின்பு எடுத்தது பிஎஸ்ஸிலும் இருந்தால், காரில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமலே 1.4 சதவீதம் "ஏறிவிடும்". எல்லாவற்றையும் கிலோவாட்டில் கணக்குப் போட்டுவிட்டு, கடைசியில் மாற்றிக்கொள்வதே நல்லது.

நின்ற இடத்தில் இஞ்சினை உறுமவிட்டு அளக்க முடியாதா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். லோடு இல்லாமல் இஞ்சின் தன் சொந்தச் சுழற்சியை மட்டும்தான் வேகப்படுத்துகிறது, அந்தச் சுழல் நிறை எவ்வளவு என்று நமக்குத் தெரியாது, லோடு இல்லாவிட்டால் டர்போ பூஸ்ட்டும் (டர்போ இஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறாது, இப்போதைய கார்கள் பலவற்றில் நின்றபடி ரேஸ் செய்தால் ஆர்பிஎம்மை (இஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகளை) ஈசியுவே கட்டுப்படுத்திவிடும். ஜாக்கியில் தூக்கி வைத்து வீல் சுற்றவிட்டு அளப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம், கார் ஜாக்கியிலிருந்து இறங்கினால் நேராக உங்கள் மேல்தான் வரும்.

ஆக, ஓட்டித்தான் அளக்க வேண்டும். அதற்கான பள்ளிக்கூட இயற்பியல் ஒரே வரிதான்: ஒரு வேகத்திலிருந்து இன்னொரு வேகத்துக்குப் போக கார் பெற்ற இயக்க ஆற்றலை, எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்தால் சராசரி பவர். உதாரணமாக, ஓட்டுநரோடு சேர்த்து 1300 கிலோ எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து 80 கி.மீ. வேகத்திலிருந்து 100 கி.மீ.க்குப் போக 3.0 விநாடி ஆகிறது என்று வைப்போம். வேகத்தை மீட்டர்/விநாடிக்கு மாற்றினால் 22.22, 27.78. இரண்டின் வர்க்கங்களின் வித்தியாசத்தைப் பாதி எடையால் பெருக்கினால் சுமார் 1,80,500 ஜூல். வீல், டயர், ஃப்ளைவீல் என்று சுழலும் பாகங்களையும் வேகப்படுத்தியாக வேண்டும், அதற்கு ஒரு 4 சதவீதம் சேர்த்தால் 1,87,800. மூன்றால் வகுத்தால் 62.6 கிலோவாட்.

ஆனால் இது முழுக்கணக்கு இல்லை. கார் வேகம் கூடிக்கொண்டே போகும்போது காற்றையும் கிழிக்கிறது, டயரும் சாலையில் உருண்டு கொஞ்சம் தின்கிறது. சராசரி 90 கி.மீ. வேகத்தில் சாதாரண ஹேட்ச்பேக் அளவுள்ள காருக்கு இவை இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 400 நியூட்டன், அதாவது 10 கிலோவாட். கூட்டினால் 72.6 கிலோவாட், சுமார் 97 எச்பி. 80-லிருந்து 100 வரை வீலில் கிடைத்த சராசரி பவர் இதுதான்.

அந்த 400 நியூட்டனை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று சந்தேகப்படுவது நியாயம். காரின் முகப்புப் பரப்பு, காற்றுத் தடை எண் எல்லாம் தேடி எடுத்துக் கணக்குப் போடலாம், ஆனால் அதைவிட நல்ல வழி காரையே கேட்பது. 110 வரை போய் நியூட்ரலில் போட்டு விடுங்கள், பிரேக்கைத் தொடாமல் தானாக வேகம் குறையட்டும். 95-லிருந்து 85-க்கு இறங்க எத்தனை விநாடி என்று பாருங்கள். மேலே சொன்ன காருக்கு அது ஒன்பது விநாடிக்குக் கொஞ்சம் மேலே வரும். அந்த வேகக் குறைவுதான் 90-இல் காற்றும் டயரும் சேர்ந்து பிடித்து இழுக்கும் அளவு. ஏறும்போது கிடைத்த முடுக்கத்தோடு இதைக் கூட்டி, நிறையாலும் வேகத்தாலும் பெருக்கினால் மொத்த பவர் வந்துவிடும், புத்தகத்திலிருந்து எந்த எண்ணையும் கடன் வாங்க வேண்டியதில்லை. எனக்கு இந்த முறையில் பிடித்த விஷயம், ஃபில்டரோடு கூடவே புது டயரும் மாற்றிவிட்டீர்கள் என்றால், டயரால் வந்த மாற்றத்தையும் இது தனியாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். அதே காரில் 3.0 விநாடி 2.9 ஆகிறது என்று வையுங்கள். கணக்குப் போட்டால் 100 எச்பி வருகிறது. பத்தில் ஒரு விநாடிக்கு மூன்று எச்பி! கையில் ஸ்டாப்வாட்ச் வைத்து அமுக்கினால் நம் விரலே பத்தில் ஒன்றிரண்டு விநாடி தள்ளி அமுக்கும். ஃபில்டர் மாற்றி மூன்று எச்பி ஏறியது என்று மகிழ்ந்தது உங்கள் கட்டைவிரலின் வேலையாக இருக்கலாம். அதனால் எந்தக் கருவியால் நேரம் பார்க்கிறோம் என்பதுதான் பாதி வேலை.

டாஷ்போர்டு ஸ்பீடோமீட்டர் முள்ளை நம்பவே கூடாது. ஐ.நா.வின் வாகன விதி எண் 39 ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டக் கூடாது என்கிறது, ஆனால் உண்மை வேகத்தில் பத்து சதவீதமும் அதற்கு மேல் 4 கி.மீ.யும் வரை கூட்டிக் காட்ட அனுமதிக்கிறது. போனில் உள்ள ஜிபிஎஸ் பெரும்பாலும் விநாடிக்கு ஒரு முறைதான் வேகத்தைச் சொல்லும், மூன்று விநாடி வேலைக்கு மூன்றே புள்ளிகள், போதாது. விநாடிக்கு 10 அல்லது 25 முறை பதிவு செய்யும் தனி ஜிபிஎஸ் பெட்டிகள் கிடைக்கின்றன, டிராக் ரேஸ் ஆட்கள் வைத்திருப்பார்கள், கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு.

போனின் ஆக்சிலரோமீட்டரை வைத்து எச்பி சொல்லும் செயலிகளும் இருக்கின்றன. அவற்றின் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. காரணம் எளிது: முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் காரின் மூக்கு தூக்கிக்கொள்ளும். ஒரே ஒரு டிகிரி தூக்கினாலும் புவியீர்ப்பில் ஒரு துண்டு முன்னோக்கிய முடுக்கமாகப் பதிவாகிவிடும், அது 0.17 மீட்டர்/விநாடி². நம் உதாரணக் காரின் உண்மை முடுக்கமே 1.85-தான். ஒரு டிகிரிக்கு ஒன்பது சதவீதம் பொய். இந்தப் பொய் எப்போதும் ஒரே அளவில் இருந்தாலாவது வித்தியாசம் பார்க்கலாம், பவர் கூடினால் மூக்கும் இன்னும் கூடத் தூக்குமே!

அடுத்தது ஓபிடி போர்ட், அதாவது காரின் கணினியிலிருந்து தகவல் எடுக்கும் செருகுமிடம். ப்ளூடூத் அடாப்டர் ஒன்றைச் செருகி, போனில் பதிவு செய்துகொள்ளலாம். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஓபிடி வழியாக வரும் வேகம் முழு எண்ணாகத்தான் வரும், 81, 82, 83 என்று, நடுவில் ஒன்றும் இல்லை. ஆனால் ஆர்பிஎம் கால் ஆர்பிஎம் துல்லியத்தில் வரும். கியர் மாறாமல், கிளட்ச் வழுக்காமல் இருக்கும் வரை ஆர்பிஎம்மும் வேகமும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. மூன்றாம் கியரில் 1000 ஆர்பிஎம்முக்கு 20 கி.மீ. என்றால் 4000-லிருந்து 5000 வரை ஆகும் நேரம்தான் 80-லிருந்து 100 வரை ஆகும் நேரம். ஆகவே ஆர்பிஎம்மை மட்டும் பதிவு செய்யுங்கள். ஆசைப்பட்டு பத்து அளவுகளை ஒரே நேரத்தில் கேட்டால் மலிவான அடாப்டர் திணறி, ஒவ்வொன்றையும் விநாடிக்கு ஓரிரு முறைதான் தரும். பழைய கார்களில் தொடர்பே மெதுவானது, அங்கே இன்னும் மோசம்.

ஆர்பிஎம்முக்கு எத்தனை கி.மீ. என்பதை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் கியரில் 3000 ஆர்பிஎம்மில் சீராக ஓட்டி, போன் ஜிபிஎஸ் என்ன வேகம் காட்டுகிறது என்று பாருங்கள். சீரான வேகத்தில் சாதாரண போன் ஜிபிஎஸ்ஸே நன்றாகச் சொல்லும். டயர் அளவு மாற்றினால் இதை மறுபடியும் செய்யாமல் விடாதீர்கள், இல்லாவிட்டால் அதற்குப் பின் வரும் எல்லா எண்ணும் வீண்.

அடாப்டரும் இல்லை, ஜிபிஎஸ் பெட்டியும் இல்லை என்றாலும் வழி இருக்கிறது. ஆர்பிஎம் காட்டும் டாகோமீட்டரை விநாடிக்கு 60 ஃப்ரேம் வேகத்தில் வீடியோ எடுங்கள். வீட்டுக்கு வந்து கணினியில் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தி, முள் 4000 கோட்டைத் தொடும் ஃப்ரேமிலிருந்து 5000 கோட்டைத் தொடும் ஃப்ரேம் வரை எண்ணுங்கள். மூன்று விநாடி என்றால் 180 ஃப்ரேம், ஒரு ஃப்ரேம் தவறினால் அரை எச்பிதான் பிழை. முள் கொஞ்சம் தாமதமாகக் காட்டும், ஆனால் தொடக்கத்திலும் முடிவிலும் ஏறத்தாழ ஒரே தாமதம் என்பதால் கழித்தால் போய்விடும். டிஜிட்டல் டாகோ கட்டம் கட்டமாகத் தாவுவதாக இருந்தால் இது சரிவராது, அப்போது சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். நான்கு சிலிண்டர் இஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, ஆகவே 4000 ஆர்பிஎம் என்பது 133 ஹெர்ட்ஸ், 5000 என்பது 167 ஹெர்ட்ஸ். ஒலி எடிட்டிங் மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சியை (நேரம் போகப் போக ஒலியின் அதிர்வெண் எப்படி மாறுகிறது என்று காட்டும் படம்) திறந்தால் சாய்வாக ஏறும் கோடு ஒன்று பளிச்சென்று தெரியும், அது 133-ஐக் கடக்கும் நேரத்தையும் 167-ஐக் கடக்கும் நேரத்தையும் குறித்துக்கொண்டால் வேலை முடிந்தது. காசு செலவே இல்லாத முறை, மலிவு அடாப்டரைவிடத் துல்லியமாகவே வரும்.

எங்கே ஓட்டுவது? இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மற்ற வண்டிகள் ஓடும் பொதுச் சாலையில் முழு ஆக்சிலரேட்டர் ஓட்டம் வேண்டாம். ரேஸ் டிராக்கில் பொதுமக்களுக்கு விடும் நாள், அனுமதியோடு மூடிய நேரான தனியார் பாதை, இப்படி ஏதாவது. மூன்றாம் கியரை நான் சொல்வதற்கும் இதுதான் பாதிக் காரணம், வேகம் மிதமாகவே இருக்கும். இரண்டாம் கியரில் இன்னும் குறைந்த வேகத்தில் முடிந்துவிடும்தான், ஆனால் நேரம் சுருங்கிவிடுவதால் பிழை பெருகும், பவர் உள்ள முன்வீல் காரில் வீல் வழுக்கி டிராக்ஷன் கன்ட்ரோல் வேறு நடுவில் தலையிடும்.

இடம் தட்டையாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், எவ்வளவு தட்டை என்று சொல்ல மாட்டார்கள். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம், கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது. நம் காருக்கு 90-இல் அது 4 எச்பிக்கு மேல் தின்னும். எதிர்க்காற்று 10 கி.மீ. என்றால் கிட்டத்தட்ட 2 எச்பி. ஆகவே ஒவ்வொரு ஓட்டத்தையும் அதே பாதைத் துண்டில் போகும் திசையிலும் வரும் திசையிலும் செய்து, இரண்டின் பவரைச் சராசரி எடுக்க வேண்டும். நேரத்தைச் சராசரி எடுக்காதீர்கள், பவராக மாற்றிய பிறகு எடுங்கள். ஏற்ற இறக்கம் இதில் அப்படியே அடிபட்டுப் போகும், காற்று பெரும்பாலும் போகும். காற்று விட்டுவிட்டு வீசினால் மட்டும் எந்தச் சராசரியும் உதவாது, இன்னொரு நாள் வாருங்கள், விடியற்காலை பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

எடை: நண்பர் ஒருவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அடுத்த முறை வராமல் இருந்தால், 75 கிலோ மாறிவிடும். அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நம் காருக்கு 5 எச்பி காற்றிலிருந்து வந்த மாதிரி இருக்கும். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ, டேங்க்கை இரண்டு முறையும் ஒரே அளவில் வைத்துக்கொள்ளுங்கள். எரிபொருளும் ஒரே வகையாக இருக்கட்டும். ஆக்டேன் மாறினால் நாக் சென்சார் (எரிபொருள் தாறுமாறாக வெடிப்பதை உணரும் கருவி) இருக்கும் இஞ்சின் தன் இக்னிஷன் டைமிங்கை, அதாவது பொறி வைக்கும் நேரத்தை, மாற்றிக்கொள்ளும், அப்போது ஃபில்டரை அளக்கிறீர்களா பெட்ரோலை அளக்கிறீர்களா என்று உங்களுக்கே தெரியாது.

இனி வெப்பநிலை. முன்பு-பின்பு கணக்குகளைப் பெரும்பாலும் கெடுப்பது இதுதான். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, இஞ்சினுக்கு ஆக்சிஜன் கூடுதலாகக் கிடைக்கும். வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ-யின் ஜே1349 என்ற தரநிலை இதற்கொரு திருத்தக் காரணி தருகிறது: 25 டிகிரி, 99 கிலோபாஸ்கல் உலர் காற்றழுத்தம் என்பதை அடிப்படையாக வைத்து, 990-ஐ அன்றைய உலர் காற்றழுத்தத்தால் மில்லிபாரில் வகுத்து, அதை வெப்பநிலையோடு 273 கூட்டி 298-ஆல் வகுத்த எண்ணின் வர்க்கமூலத்தால் பெருக்கி, 1.18-ஆல் பெருக்கி, 0.18-ஐக் கழிக்க வேண்டும். அழுத்தம் மாறாமல் 35 டிகிரி நாளில் காரணி 1.02, 15 டிகிரி நாளில் 0.98. அதாவது ஒரே கார், ஒன்றுமே மாற்றாமல், சூடான நாளில் 98 எச்பியும் குளிரான நாளில் 102 எச்பியும் காட்டும். மதிய வெயிலில் "முன்பு" எடுத்துவிட்டு, ஃபில்டர் மாட்டி மறுநாள் அதிகாலையில் "பின்பு" எடுத்தவர், நான்கு எச்பி ஏறியது என்று சத்தியம் செய்வார். அவர் பொய் சொல்லவில்லை, வானிலையை அளந்திருக்கிறார்.

இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. வானிலைச் செயலி காட்டும் காற்றழுத்தம் கடல் மட்டத்துக்கு மாற்றிச் சொல்லப்பட்டது, நீங்கள் நிற்கும் இடத்தின் அழுத்தம் அல்ல. ஆயிரம் மீட்டர் உயரத்தில் நின்றுகொண்டு அதை அப்படியே போட்டால் பத்து சதவீதத்துக்கு மேல் தப்பாகும். போனில் பாரோமீட்டர் இருந்தால் அதைப் பாருங்கள், அல்லது இக்னிஷனை மட்டும் போட்டு ஓபிடியில் காற்றழுத்த அளவைக் கேளுங்கள், பல கார்கள் தரும். உலர் அழுத்தம் என்பதற்கு நீராவியின் பங்கைக் கழிக்க வேண்டும். 35 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதம் என்றால் அந்தப் பங்கே ஏறத்தாழ 4 கிலோபாஸ்கல், சின்ன விஷயம் இல்லை.

டர்போ காருக்கு இந்தக் காரணியைப் போடாதீர்கள் என்பது என் கருத்து. அங்கே ஈசியு குறிப்பிட்ட பூஸ்ட்டைப் பிடித்து வைக்கப் பார்க்கும், வெளிக்காற்று கொஞ்சம் மெலிந்தால் டர்போவைக் கூடச் சுற்றவிட்டு ஈடுகட்டிவிடும். சூத்திரம் அதற்கு மேலும் கூட்டிக் கொடுத்தால் இல்லாத பவர் வந்துவிடும். டர்போவுக்கு ஒரே மாதிரி வெப்பநிலையுள்ள நாளைத் தேர்ந்தெடுப்பதே மருந்து. இன்னொன்று, அடுத்தடுத்து ஓட்டினால், டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடேறி ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதைவிடக் குறைவாகவே வரும். ஓட்டங்களுக்கு நடுவே ஒரே அளவு இடைவெளி விட்டு, அந்த நேரத்தில் மெதுவாக ஓட்டிக் குளிரவிடுங்கள்.

இஞ்சினும் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். கூலன்ட் முள் நடுவுக்கு வந்துவிட்டது என்று தொடங்கிவிடக் கூடாது. இஞ்சின் ஆயில் அதற்குப் பின்னால்தான் சூடாகும், கியர்பாக்ஸ் ஆயில் இன்னும் தாமதம். இருபது முப்பது நிமிடம் ஓட்டிய பிறகு தொடங்குங்கள். ஏசி அணைத்து, கண்ணாடிகளை ஏற்றி, டயர் காற்றை இரண்டு முறையும் ஒரே அளவில் வைத்து. பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தால், ஈசியு தான் கற்றுவைத்த எரிபொருள் திருத்தங்களைத் தொலைத்திருக்கும், சில நாள் சாதாரணமாக ஓட்டிவிட்டு அளங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் ஓட்டத்துக்கு ஓட்டம் எண் மாறத்தான் செய்யும். அந்த மாற்றம் எவ்வளவு என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும், எதையும் மாட்டுவதற்கு முன்பே. ஒன்றுமே மாற்றாமல் இரண்டு வெவ்வேறு நாட்களில் அளந்து பாருங்கள். திருத்தம் போட்ட பிறகு இரண்டு நாளுக்கும் இடையே 2 எச்பி வித்தியாசம் வந்தால், உங்கள் முறையின் வரம்பு அதுதான், அதற்குக் கீழே எது வந்தாலும் பேச்சில்லை. உதாரணத்துக்கு, ஃபில்டருக்கு முன் போய்வந்த ஓட்டங்கள் 3.02, 2.97, 3.05, 2.99, 3.01 என்றும், பின் 2.98, 3.01, 2.95, 3.03, 2.99 என்றும் வந்தால், சராசரி ஏறத்தாழ 0.02 விநாடி குறைந்திருக்கிறது, கணக்குப்படி அரை எச்பி. ஆனால் இரண்டு கூட்டமும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக் கிடக்கின்றன. இதிலிருந்து "ஏறியது" என்று சொல்ல முடியாது, "ஏறியிருந்தாலும் இந்த முறைக்குத் தெரியவில்லை" என்று மட்டும் சொல்லலாம். மனதுக்குப் பிடித்த ஒரு ஓட்டத்தை மட்டும் எடுத்து, 3.05-க்கும் 2.95-க்கும் ஒப்பிட்டால் மூன்று எச்பி வரும். நிறைய கதைகள் இப்படித்தான் பிறக்கின்றன.

சுலபமாகக் கழற்றி மாட்டக்கூடிய பொருளுக்கு, பழையது, புதியது, மறுபடி பழையது என்று ஒரே காலையில் மூன்று சுற்று போடுங்கள். ஏர் ஃபில்டருக்கு இது வெகு சுலபம். மூன்றாவது சுற்று முதல் சுற்றுக்குத் திரும்பவில்லை என்றால், நடுவில் மாறியது ஃபில்டர் மட்டும் அல்ல. எக்ஸாஸ்ட்டுக்கு இப்படிச் செய்ய முடியாது, அதனால்தான் முன் அளவை இரண்டு நாள் எடுத்து வைக்கச் சொல்கிறேன். ரீமேப்புக்கு, பழைய ஃபைலைத் திருப்பிப் போட்டுத் தருவார்களா என்று செய்கிறவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

மொத்தமாக ஒரே சராசரி எடுக்காமல் 60-80, 80-100, 100-120 என்று துண்டு துண்டாகவும் பாருங்கள். எக்ஸாஸ்ட் மாற்றினால் மேல் ஆர்பிஎம்மில் கொஞ்சம் கூடி, கீழே கொஞ்சம் குறைவதும் உண்டு, மொத்தச் சராசரியில் அது மறைந்துவிடும். இன்னும் பொடியாக நறுக்கி, டைனோ தாளில் வருவது மாதிரி வளைகோடு வரையலாம் என்று ஆசைப்பட்டால், ஒவ்வொரு துண்டும் சின்னதாக ஆக ஆகப் பிழை ஊதிப் பெருத்து, கோடு மலைத்தொடர் மாதிரி ஆகிவிடும். மூன்று துண்டு போதும்.

எதிலிருந்து எவ்வளவு எதிர்பார்க்கலாம்? டர்போ இல்லாத காரில் அழுக்கில்லாத பழைய ஃபில்டரை எடுத்துவிட்டு விலை கூடின ஃபில்டர் போட்டால், வீட்டு முறையில் தெரியும் அளவுக்குப் பெரும்பாலும் ஒன்றும் வராது. சைலன்சர் பகுதியை மட்டும் மாற்றினாலும் கிட்டத்தட்ட அதே கதை, சத்தம் மட்டும் பத்து எச்பி ஏறியது மாதிரி இருக்கும், காது நல்ல கருவி அல்ல. டர்போ காரில் ரீமேப் என்பது வேறு விஷயம், இருபது சதவீதம் ஏறுவதெல்லாம் சாதாரணம், அதை இந்த முறையில் குருடனும் பார்க்கலாம். ஆக்சிலரேட்டர் பெடலில் செருகும் பெட்டி ஒன்று விற்கிறார்கள், கார் பறக்கும் என்று. அது பாதி மிதித்தால் முக்கால் மிதித்த மாதிரி காட்டுகிறது, அவ்வளவுதான். முழுதாக மிதித்தால் பழையபடி அதே பவர், அளந்தால் பூஜ்யம் வரும்.

பவர் கூடாமலே கூடியது மாதிரி காட்டும் மாற்றங்களும் இருக்கின்றன. லேசான ஃப்ளைவீல், லேசான அலாய் வீல் போட்டால் இஞ்சின் அதே பவரைத்தான் தரும், ஆனால் சுழலும் நிறை குறைந்ததால் கார் வேகமாக ஏறும், நம் கணக்கு அதை எச்பியாக எழுதிவிடும், ஃப்ளைவீல் என்றால் கீழ் கியரில் அளக்கும்போது இன்னும் அதிகமாக. இதன் மறுபக்கம் மோசமானது: ரீமேப் செய்த பிறகு தேய்ந்த கிளட்ச் கூடுதல் டார்க்கை (சுழற்றும் விசையை) தாங்காமல் வழுக்க ஆரம்பித்தால், ஆர்பிஎம் சரசரவென்று ஏறும், கார் ஏறாது. ஆர்பிஎம்மை மட்டும் பார்த்தவருக்கு அது அபாரமான பவர். ஓட்டத்தின் முடிவில் ஜிபிஎஸ் வேகமும் ஆர்பிஎம் சொல்லும் வேகமும் ஒத்துப்போகிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டால் இந்தக் குழிக்குத் தப்பிக்கலாம்.

காரே தரும் எண்களைப் பற்றியும் கேட்டிருப்பீர்கள். இஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவை எம்ஏஎஃப் சென்சார் கிராம்/விநாடியில் சொல்லும், பெட்ரோல் இஞ்சினில் முழு ஆக்சிலரேட்டரில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 1.25 எச்பி என்று கணக்கு வைக்கலாம். ஓட்டத்தோடு ஒட்டுகிறதா என்று பார்க்க நல்ல துணை. ஆனால் எம்ஏஎஃப் அமர்ந்திருக்கும் குழாயின் அகலத்தை மாற்றும் இன்டேக் கிட் போட்டால் அந்தக் கணக்கு செத்துவிடும், அகலமான குழாயில் அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் குறைவாகச் சொல்லும். எண்ணெய் தடவிய ஃபில்டரின் எண்ணெய் சென்சார் கம்பியில் படிந்தாலும் அளவு தப்பும். ஓபிடி சில கார்களில் டார்க்கையும் நேராகச் சொல்லும், அது அளந்தது அல்ல, ஈசியு தன் அட்டவணைகளிலிருந்து ஊகித்தது. ரீமேப் செய்கிறவர் அந்த அட்டவணைகளிலேயே கை வைப்பதால், ரீமேப்புக்கு முன்-பின் பார்க்க அதைப் போல உதவாத எண் வேறில்லை.

வீலில் வந்த எண்ணை இஞ்சின் எண்ணாக்க 15 சதவீதம் கூட்டிக்கொள்ளலாமா என்றால், கூட்டாதீர்கள். கியர்பாக்ஸ் இழப்பு நிலையான சதவீதம் அல்ல, ஒரு பகுதி பவரோடு கூடும், ஒரு பகுதி கூடாது. வீலில் இருபது எச்பி ஏறினால் இருபது என்றே எழுதுங்கள். கம்பெனி சொன்ன இஞ்சின் எண்ணோடு ஒப்பிட வேண்டிய தேவையே நமக்கு இல்லை.

ஆட்டோமேட்டிக் என்றால், மேனுவல் மோடில் ஒரே கியரில் பூட்டி நிற்கிறதா, முழுதாக மிதித்தால் கீழ் கியருக்குத் தாவுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டார்க் கன்வர்ட்டர் (கிளட்ச்சுக்குப் பதிலாகத் திரவத்தால் சுழற்சியைக் கடத்தும் பாகம்) வழுக்கும்போது ஆர்பிஎம் பயன்படாது, ஜிபிஎஸ்தான். கியர் படிகளே இல்லாத ஆட்டோமேட்டிக்கான சிவிடியில் ஆர்பிஎம் ஒரே இடத்தில் நிற்க வேகம் மட்டும் ஏறும், அங்கும் ஜிபிஎஸ்தான்.

உங்கள் வரிசைக்கு நான் செய்யச் சொல்வது: முதலில் மாற்றமே இல்லாமல் இரண்டு நாள் அளவு, கூடவே நியூட்ரல் இறக்கமும். பிறகு ஃபில்டர், மூன்று சுற்று. பிறகு எக்ஸாஸ்ட், மறுபடி அளவு. ரீமேப் கடைசியில், ஏனென்றால் அது ஏற்கெனவே மாட்டியிருக்கும் பாகங்களுக்கு ஏற்ப எழுதப்பட வேண்டும். ஃபில்டரையும் எக்ஸாஸ்ட்டையும் ஒரே நாளில் மாட்டிவிட்டால் எது எவ்வளவு கொடுத்தது என்று பிறகு பிரிக்க முடியாது. எப்போதாவது டைனோவுக்குப் போக நேர்ந்தால், ஒரே டைனோவில், ஒரே கியரில், திருத்தம் போடாத எண்ணையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் வெப்பநிலை, காற்றழுத்தம், டேங்க் அளவு, டயர் காற்று, யார் யார் காரில் இருந்தார்கள் என்பதைப் பதிவு ஃபைலின் பெயரிலேயே எழுதி வைத்துவிடுங்கள். கணக்கைப் பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்திப் போடலாம், அன்று டேங்க்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது என்பதைப் பிறகு யாராலும் சொல்ல முடியாது.